கொடுமுடிக் கோகிலம்: வேடமும் விடுதலையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நாடக மேடையிலிருந்து திரைக்கு வந்த பெருங்கலைஞர் ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று வட்டத்தினர் என்னைப் பணித்தார்கள். அத்தகையவர்கள் நம்மிடையே பலர் உண்டு. அவர்களுள் கே.பி. சுந்தராம்பாளை நான் தேர்ந்துகொண்டேன். அதற்குக் காரணங்கள் இரண்டு.

முதற்காரணம், அவர் ஏற்ற வேடங்கள். நந்தனார், மணிமேகலை, ஔவையார், கவுந்தியடிகள், காரைக்கால் அம்மையார் என்று அவர் திரையில் ஏற்ற முதன்மையான பாத்திரங்களை வரிசைப்படுத்தினால், தமிழ் முதுகலை வகுப்பின் பாடத்திட்டம் போலத் தோன்றும். ஒரு நடிகையின் வாழ்வு இவ்வளவு நெருக்கமாக இலக்கிய வரலாற்றோடு பின்னிக் கிடப்பது அரிது.

இரண்டாவது காரணம், நாம் கூடியிருக்கும் இந்த மண். நந்தனாரையும் காரைக்கால் அம்மையாரையும் பெரியபுராணத்தில் பாடிய சேக்கிழார் பிறந்த குன்றத்தூர் நமக்கு அண்டை ஊர். மணிமேகலை தன் பயணத்தை முடித்துக்கொண்ட இடம் நம் காஞ்சி. அதியமானுக்காக ஔவையார் தூது சென்றது தொண்டைமானிடம். காரைக்கால் அம்மையார் இறுதியில் வந்து தங்கிய திருவாலங்காடும் தொண்டை நாட்டுத் தலமே. காவிரிக் கரையில் பிறந்த ஒரு பெண், தம் வாழ்நாள் முழுதும் ஏற்ற வேடங்களின் வழியே நம் தொண்டை மண்டலத்தை வலம் வந்திருக்கிறார் என்று சொல்லலாம்.

ஆனால் இந்தப் பொருத்தத்தைச் சொல்லி மகிழ்வதற்காக மட்டும் நான் வரவில்லை. ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன். இந்த ஐவரின் வேடங்கள் ஏன் சுந்தராம்பாளுக்கே வந்து சேர்ந்தன? காதலியாகவும் கதாநாயகியாகவும் அவரைத் திரையில் நாம் ஏன் காணவில்லை? கணவர் மறைவுக்குப் பின் துறவு நெறியில் நின்றார், ஆகவே தூய வேடங்களையே ஏற்றார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விடை. அது பொய்யன்று, ஆயினும் நிறைவான விடையும் அன்று. அவர் வாழ்வையும் அவர் ஏற்ற பாத்திரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் வேறொன்று புலப்படுகிறது. அதையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

சுந்தராம்பாள் 1908ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் கொடுமுடியில் பிறந்தார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. கே என்பது கொடுமுடி. பி என்பது தாயார் பாலாம்பாள். தம் பெயருக்கு முன் தாயின் பெயரின் முதலெழுத்தைக் கொண்டு விளங்கியவர் அவர். வறுமை மிகுந்த குடும்பம். ஓடும் ரயிலில் பாடிக் காசு பெற்ற சிறுமி என்று அவரது இளமை பேசப்படுகிறது. கரூரில் முகாமிட்டிருந்த வேலு நாயர் நாடகக் குழுவில் சிறு வயதிலேயே சேர்ந்தார். முதலில் கிடைத்த வேடம் நல்லதங்காள் நாடகத்தில் ஞானசேகரன். நல்லதங்காள் கதையை அறிந்தவர்களுக்கு அந்தப் பிள்ளை யார் என்பது தெரியும். பஞ்சத்தில் பசி தாளாமல் தாயிடம் முறையிடும் மூத்த மகன். ஆக, மேடையில் சுந்தராம்பாள் எழுப்பிய முதற்குரல் பசித்த பிள்ளையின் குரல். ஏற்ற முதல் வேடம் ஆண் வேடம். பசியை நடிப்பதற்கு அந்தச் சிறுமிக்குப் பயிற்சி தேவைப்பட்டிருக்காது.

அக்கால மேடையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி முதலிய நாடகங்கள் தமிழகம் எங்கும் நடந்த காலம் அது. ஊர் ஊராகச் செல்லும் நிலையான குழுக்கள் ஒருபுறம். ஸ்பெஷல் நாடகம் என்னும் முறை மறுபுறம். ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்கள் ஒரே குழுவைச் சேர்ந்தவர்கள் அல்லர். காண்டிராக்டர் ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசி அமர்த்துவார். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் மற்றோர் ஊரிலிருந்து வருவார். ஒத்திகை இல்லை. நாடகம் மனப்பாடமாக இருக்க வேண்டும். எதிரே நிற்பவர் எந்த இராகத்தில் எடுத்தாலும் அதே சுருதியில் விடை சொல்ல வேண்டும். தர்க்கம் முற்றினால் விடியும் வரை போகும். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவர் காதில் சொல் தெளிவாக விழ வேண்டும். ஒப்பந்தக் கூலி என்றால் என்ன என்பது நம் ஒரகடத்து நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அன்றைய நடிகரும் ஓர் ஒப்பந்தத் தொழிலாளியே. அவர் கையிலிருந்த ஒரே கருவி தொண்டை.

அந்தக் கருவியைத்தான் சுந்தராம்பாள் கூர்மையாக்கினார். உச்ச சுருதியில் நின்று, சொல்லின் ஒவ்வோர் எழுத்தும் சிதையாமல், கமகம் சொல்லை விழுங்காமல் பாடும் முறை அவருடையது. பிற்காலத்தில் ஒலிவாங்கி வந்து மெல்லிய குரல்களுக்கு இடம் கிடைத்தபோதும் அவர் தம் முறையை மாற்றிக்கொள்ளவில்லை. அவர் குரலில் லகரமும் ழகரமும் ளகரமும் தனித்தனியே கேட்கும். தமிழ் ஆசிரியையாக இதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

இலங்கை அன்று தமிழ் நாடகக்காரர்களுக்குப் பெரிய களம். சிறுமியாகவே சுந்தராம்பாள் அங்குச் சென்று நடித்திருந்தார். 1926ஆம் ஆண்டு கொழும்பில் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவோடு வள்ளி திருமணத்தில் நடித்தார். கிட்டப்பாவின் குரலுக்கு முன் நிற்பது எளிதன்று. அவரோடு இந்தப் பெண் ஈடுகொடுக்க முடியுமா என்பதே மக்கள் முன் இருந்த கேள்வி. மேடை விடை சொன்னது. போட்டி நட்பாகி, நட்பு காதலாகி, 1927இல் திருமணத்தில் முடிந்தது. கிட்டப்பாவுக்கு முன்பே ஒரு மனைவி இருந்தார். சுந்தராம்பாள் பெற்ற குழந்தை நிலைக்கவில்லை. கிட்டப்பாவைக் குடி பற்றிக்கொண்டது. இருவரும் பிரிந்து வாழும் நிலை வந்தது. கிட்டப்பாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சாகியுள்ளன. புகழின் உச்சியிலிருந்த ஒரு கலைஞர், ஒரு வீட்டில் தமக்குரிய இடம் எது என்று தெரியாமல் தவித்த தவிப்பை அவற்றில் காணலாம்.

1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் கிட்டப்பா மறைந்தார். அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25. அன்று தொடங்கி வெள்ளைக் கதராடையும் நெற்றி நிறைந்த திருநீறுமே அவர் தோற்றமாயின. இனி எந்த ஆடவரோடும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். ஆறாண்டு மணவாழ்வுக்கு ஈடாக நாற்பத்தேழு ஆண்டுக் கைம்மை.

இந்த இடத்தில்தான் நம் மேடைப் பேச்சுகள் வழக்கமாக உருகி நிற்கும். கண்ணகியை உவமை சொல்லி, கற்பின் வடிவம் என்று போற்றிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடும். நான் சற்று நின்று பார்க்க விரும்புகிறேன். அவரது துயரம் மெய்யானது. அவரது பக்தியும் மெய்யானது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் வீட்டினுள் சென்று அடைந்துகொள்ளவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். அக்காலத்துக் கைம்பெண்ணுக்கு விதிக்கப்பட்டது மூலையும் மௌனமும். வெள்ளையை ஏற்ற சுந்தராம்பாள் மௌனத்தை ஏற்கவில்லை. தீரர் சத்தியமூர்த்தி முதலியோரின் அழைப்பை ஏற்று, காங்கிரஸ் மேடைகளில் பாடினார். ஒலிபெருக்கி எட்டாத கூட்டத்தையும் அவர் குரல் எட்டியது. கதரின் வெண்மையும் கைம்மையின் வெண்மையும் அவர் உடையில் ஒன்றாயின. ஊர் விதித்த வெண்மையை நாடு மதிக்கும் வெண்மையாக்கிக்கொண்டார். நாடகக்காரி என்று ஏளனம் செய்தவர்களும் அந்த உடைக்கு வழிவிட்டார்கள்.

1935இல் பக்த நந்தனார் படத்துக்கு அவரை அழைத்தார்கள். நடிக்க விருப்பமில்லாத அவர், அழைத்தவரைத் திருப்பி அனுப்புவதற்காக ஒரு லட்சம் ரூபாய் கேட்டார் என்றும், தயாரிப்பாளர் ஹசன்தாஸ் அதற்கும் உடன்பட்டுவிட்டார் என்றும் சொல்வார்கள். தமிழ்த் திரையுலகம் அதுவரை கேட்டறியாத தொகை அது. ஏற்ற வேடமோ ஆண் வேடம்; அதிலும் தீண்டாமையால் ஒதுக்கப்பட்ட நந்தனின் வேடம். வேதியராக நடித்தவர் கர்நாடக இசையுலகின் பெரும் வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதய்யர். கதையின்படி வேதியர் நந்தனை வணங்க வேண்டும். நாடக மேடையிலிருந்து வந்த ஒரு பெண், நந்தன் உருவில் அந்த வணக்கத்தைப் பெற்றார் என்பது 1935இல் சிறிய செய்தியன்று. படம் எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை. பெண் ஆணாக நடித்தது பலருக்கு ஒவ்வவில்லை. ஆனந்த விகடனில் கல்கி எழுதிய எள்ளல் மிகுந்த விமரிசனம் இன்றும் நினைவுகூரப்படுகிறது.

நந்தன் கதையின் உயிர்நிலை எது? சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார், தில்லைக்குள் நுழைய வேண்டுமானால் தம் பிறப்பின் உடம்பை நெருப்பில் விட வேண்டியிருக்கிறது. தீயில் புகுந்து வேறு வடிவம் கொண்டு வந்தபின்தான் வாயில் திறக்கிறது. கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனைகளாகப் பாடியபோது ஆண்டையாகிய வேதியரைக் கதைக்குள் கொண்டுவந்து அக்கொடுமையை இன்னும் வெளிப்படையாக்கினார். உள்ளே செல்ல உடம்பு தடை. உடம்பை மாற்றினால் வழி. இந்தக் கருத்தை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

அடுத்த படம் 1940இல் வந்த மணிமேகலை. சீத்தலைச் சாத்தனாரின் காப்பியத்தில், மணிமேகலா தெய்வம் மணிமேகலைக்கு வேற்றுருவம் கொள்ளும் மந்திரத்தைக் கொடுக்கிறது. கொடுக்கும்போது அதற்கொரு காரணமும் சொல்கிறது. நீ இளையவள், வளையணிந்த பெண், உனக்கு எவரும் சமய உண்மைகளை எடுத்துரைக்க மாட்டார்கள், ஆதலால் வேறு வடிவம் கொள் என்பதே அதன் கருத்து. அவ்வாறே அவள் உதயகுமரனிடமிருந்து தப்பக் காயசண்டிகையின் வடிவம் கொள்கிறாள். வஞ்சியில் சமயவாதிகளிடம் பொருள் கேட்க ஆண் துறவியின் வடிவம் கொள்கிறாள். பின்னர்க் காஞ்சிக்கு வந்து, மழையின்றி வாடிய மக்களுக்கு அமுதசுரபியால் பசி தீர்த்து, அறவண அடிகளிடம் அறம் கேட்டு நோன்பு ஏற்கிறாள். இளம்பெண்ணாக இருப்பது கல்விக்குத் தடை என்பதை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்ட பழைய நூல் வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. பசித்த பிள்ளையாக மேடையேறிய சுந்தராம்பாள், பசி தீர்ப்பவளின் வேடத்தைத் திரையில் ஏற்றார் என்பதையும் சேர்த்துக் காண வேண்டும்.

அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் திரையில் அவர் இல்லை. இடையில் 1951இல் சென்னைச் சட்டமன்ற மேலவையின் உறுப்பினரானார். திரையில் தோன்றிய கலைஞர் ஒருவர் இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் நுழைந்தது அதுவே முதல்முறை என்று கூறுவர். தமிழகத்தில் திரையும் அரசியலும் கைகோத்த வரலாற்றை எழுதுபவர்கள் ஆண் தலைவர்களிலிருந்தே தொடங்குகிறார்கள். அதன் முதற்பக்கத்தில் கொடுமுடியிலிருந்து வந்த ஒரு பெண் நிற்கிறார்.

1953ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் ஜெமினியின் ஔவையார் வெளிவந்தது. எஸ்.எஸ். வாசன் தயாரிப்பு, கொத்தமங்கலம் சுப்பு இயக்கம். தமிழ்நாட்டில் இன்று ஔவை என்றால் குழந்தைகளின் கண்முன் நிற்கும் உருவம் பெரிதும் சுந்தராம்பாளின் உருவமே. 1965இல் திருவிளையாடல், 1967இல் கந்தன் கருணை என மீண்டும் மீண்டும் அவரே ஔவையாக வந்தார்.

படத்தின் ஔவை பல காலத்து ஔவையரைச் சேர்த்துக் குழைத்த உருவம். சங்க காலத்தவர் ஒருவர்; ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் தந்தவர் பிற்காலத்தவர் என்பது இலக்கிய வரலாற்றினர் துணிபு. படம் எடுத்துக்கொண்டது நாட்டு வழக்கில் உள்ள கதையை. மணம் பேசப்பட்ட இளம்பெண், பிள்ளையாரை வேண்டித் தன் இளமையைக் கொடுத்து முதுமையைப் பெறுகிறாள். கிழவியான பின்னே ஊர் ஊராக நடந்து பாடுகிறாள். இக்கதையைச் சற்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது முதுமையா? இல்லை. அவளுக்கு வேண்டியவை தமிழும் வழியும். தனியே நடக்கவும் அரசனிடம் நேர்நின்று பேசவும் பெண்ணுக்கு இருந்த ஒரே அனுமதிச் சீட்டு முதுமை. ஆகவே அதைக் கேட்டு வாங்கினாள்.

சங்க ஔவைக்கு அந்தச் சீட்டு தேவைப்படவில்லை. புறநானூற்றின் 89ஆம் பாடலில் பகையரசன் விறலி என்றே அவரை விளிக்கிறான். மையுண்ட கண்ணையும் ஒளிபொருந்திய நெற்றியையும் சொல்லி விளிக்கிறான். விறலி என்பவள் பாடியும் ஆடியும் பொருள் பெறும் கலைஞர். அதியமானோடு கள்ளைப் பகிர்ந்துண்ட நினைவும் அவர் பாடலில் உண்டு. 95ஆம் பாடலில் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் நின்று, பளபளக்கும் வேல்களைப் பார்த்து நகைச்சுவை ததும்பப் பேசுகிறார். அவர் கையில் ஊன்றுகோல் இல்லை. 1968இல் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பட்ட சிலையின் கையில் கோல் இருக்கிறது. விறலியிலிருந்து கிழவிக்கு வந்த இந்தப் பயணத்தில் தமிழ்ச் சமூகம் பெண்ணைப் பற்றி எண்ணியவை எல்லாம் அடங்கியிருக்கின்றன.

மேடையில் பாடிப் பிழைத்த சுந்தராம்பாளே உண்மையில் விறலி மரபின் நேர்வாரிசு. ஆனால் விறலியாக அவரை ஏற்க நம்மால் முடியவில்லை. கிழவியாக வந்தபோது கைகூப்பி ஏற்றோம்.

இன்னொரு சான்றும் தருகிறேன். ஔவையார் படத்தில் முதுமை பெறுவதற்கு முந்திய கன்னி ஔவையாக நடித்தவர் குசலகுமாரி. உருமாறிய பின்னரே சுந்தராம்பாள் வருகிறார். இருபது ஆண்டுகள் கழித்து, 1973இல் ஏ.பி. நாகராஜன் இயக்கிய காரைக்கால் அம்மையாரிலும் இதுவே நடந்தது. இளமை பொருந்திய புனிதவதி லட்சுமி. பேயுரு வேண்டிப் பெற்ற அம்மையார் சுந்தராம்பாள். கணவன் தன்னைத் தெய்வமென்று வணங்கி விலகிய பின், அவனுக்காகத் தாங்கிய தசையை உதறிவிட்டுப் பேய்வடிவம் கேட்டவர் அம்மையார் என்று சேக்கிழார் பாடுகிறார். அந்த வடிவில்தான் அவர் தமிழின் முதற்பெரும் பக்திக் கவிஞருள் ஒருவராகித் திருவாலங்காட்டு ஆடலைப் பாடினார்.

நெருப்பில் உடம்பை விட்ட நந்தன், வேற்றுருக் கொண்ட மணிமேகலை, இளமையை ஈந்த ஔவை, தசையை உதறிய அம்மை. நால்வரும் இருந்த உடம்போடு செல்ல வழியற்றவர்கள். உடம்பை மாற்றிக்கொண்டு வழி பெற்றவர்கள். நால்வருக்கும் குரல் கொடுத்தவர் சுந்தராம்பாள். இதைத் தற்செயல் என்று கடந்துவிட என்னால் முடியவில்லை. அவரும் தம் 25ஆம் வயதில் அதையே செய்தவர். வெள்ளாடை அவருக்குத் துக்கத்தின் அடையாளம்; அதோடு, தொழில் செய்வதற்கும் ஊர் ஊராகச் செல்வதற்கும் மேடையில் தலைநிமிர்ந்து நிற்பதற்கும் அவர் அணிந்த கவசமும் அதுவே. இது என் வாசிப்பு. அவர் மனத்துள் புகுந்து பார்த்தவள் போல் நான் பேசவில்லை. அவர் ஏற்ற வேடங்கள் பேசுவதைக் கேட்டுச் சொல்கிறேன்.

ஐந்தாமவரான கவுந்தியடிகள் இவர்களிலிருந்து சற்றே வேறுபட்டவர். 1964இல் வந்த பூம்புகார் படத்துக்குத் திரைக்கதையும் உரையாடலும் எழுதியவர் கலைஞர் மு. கருணாநிதி. காங்கிரஸ் மேடையில் வளர்ந்த, முருகனை நெஞ்சில் சுமந்த ஒருவர், திராவிட இயக்கத்தவரின் படத்தில் சமணத் துறவியாக வந்தார். கொள்கை வேறு, சமயம் வேறு, கட்சி வேறு. ஆனால் கலைக்காக ஒருவரை ஒருவர் மதித்தார்கள். சிலப்பதிகாரத்தில் புகாரிலிருந்து மதுரை வரை கண்ணகியோடும் கோவலனோடும் நடந்து வரும் கவுந்தி, கண்ணகியை மாதரியிடம் அடைக்கலம் தருகிறார். கோவலன் கொலையுண்டதும் உண்ணா நோன்பிருந்து உயிர் விடுகிறார். கண்ணகியாக நடித்தவர் விஜயகுமாரி. அந்த இளம்பெண்ணை வழிநடத்திச் செல்லும் முதிய பெண்ணாகச் சுந்தராம்பாள். தமக்கு வாய்க்காத பாதுகாப்பை இன்னொரு பெண்ணுக்குத் தரும் முயற்சியும், அது தோற்றபோது எழும் அறச்சீற்றமும் அந்தக் குரலில் இருக்கின்றன.

திருவிளையாடல் வந்தபோது அவருக்கு வயது 56. கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனை ஔவை அமைதிப்படுத்தும் காட்சியை நினைத்துப் பாருங்கள். இளமையில் கொட்டகையின் கடைசி வரிசையை எட்டிய குரல் தேயாமல் அங்கே நிற்கிறது. 1969ஆம் ஆண்டின் துணைவன் படத்துக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அவருக்கு வழங்கப்பட்டது. 1970இல் பத்மஸ்ரீ. 1980இல் மறைந்தார். ரயிலில் பாடியதாகச் சொல்லப்படும் சிறுமியின் ஊரில் அவர் பெயரிலேயே திரையரங்கு எழுந்தது. 1935 முதல் ஏறத்தாழ நாற்பதாண்டுத் திரைவாழ்வில் அவர் நடித்த படங்கள் ஒரு டஜனை ஒட்டியவையே. வேண்டாம் என்று சொல்லும் வலிமையைப் பெற்றிருந்த கலைஞர் அவர்.

இப்படிப் பார்ப்பதால் அவர் பெருமை குறையாதா என்று சிலர் கேட்கக்கூடும். குறையாது என்பதே என் எண்ணம். கற்பரசி என்ற சொல் அவரைக் கிட்டப்பாவின் நிழலில் நிறுத்துகிறது. பத்து வயதை எட்டும் முன்பே உழைத்துக் குடும்பத்தைத் தாங்கியவர், தம் ஊதியத்தைத் தாமே சொன்னவர், எந்தக் கதையில் எப்படி நிற்பது என்று தாமே முடிவு செய்தவர் என்று சொல்லும்போது அவர் தம் காலிலேயே நிற்கிறார். அதே வேளையில் நாம் இழந்ததையும் மறைக்கலாகாது. கொழும்பு மேடையில் கிட்டப்பாவை எதிர்நின்று பாடிய வள்ளியை எந்தப் படச்சுருளும் பதிவு செய்யவில்லை. சிரிக்கும் சுந்தராம்பாள், சண்டையிடும் சுந்தராம்பாள், காதலிக்கும் சுந்தராம்பாள் நமக்குக் கிடைக்கவில்லை. சமூகம் கேட்ட விலை அது. அவர் கொடுத்தார். விலை கொடுத்தவரைப் போற்றும்போது, அந்த விலை நியாயமானதுதானா என்று கேட்கும் கடமை இலக்கியம் படித்தவர்களுக்கு உண்டு.

இக்கேள்வி நேற்றோடு முடிந்ததன்று. நம் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் சாலைகளில் காலையும் மாலையும் செல்லும் ஆலைப் பேருந்துகளின் சன்னல்களைப் பாருங்கள். பத்தொன்பது, இருபது வயதுப் பெண்கள். தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் பிழைப்புக்காகத் தனியே வந்தவர்கள். வல்லம் வடகாலில் 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் திறக்கப்பட்ட மகளிர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்க இடம் உண்டு. தமிழ் மண்ணில் இளம்பெண்கள் இத்தனை பேர் குடும்பத்தை விட்டுத் தனியே வந்து, தம் கூலியைத் தாமே பெற்று, ஓரிடத்தில் வாழ்ந்த காலம் முன்பு இருந்திருக்குமா? இவர்கள் யாரும் பிள்ளையாரிடம் முதுமை கேட்டு வரவில்லை. இளமையோடுதான் வந்திருக்கிறார்கள். ஆனாலும் அவர்கள் உடுத்துவதையும் பேசுவதையும் இரவுப் பணி முடித்துத் திரும்பும் நேரத்தையும் அளந்து பார்க்கும் கண்கள் ஊரில் இன்னும் மூடவில்லை. வெள்ளாடையைக் கேட்ட அதே கண்கள்தாம் அவை.

அவர்களுள் சிலர் கவிதை எழுதுகிறார்கள். நம் வட்டத்தின் கூட்டங்களிலும் தயங்கித் தயங்கி வந்து வாசிக்கிறார்கள். ஒரு பெண் அறம் பாடினால் நாம் உடனே கைதட்டுகிறோம். அன்னையைப் பாடினால் உருகுகிறோம். தன் காதலையோ சினத்தையோ சோர்வையோ பாடினால் அவையில் ஒரு சிறு அசைவு எழுகிறது. ஔவையாக வந்தால் ஏற்போம், விறலியாக வந்தால் யோசிப்போம் என்னும் பழைய வழக்கத்தின் மிச்சம் அந்த அசைவு. கவிஞர் பெருமக்களே, அடுத்த பத்தாண்டுகளில் நம் வட்டம் செய்ய வேண்டிய பணி எது என்று என்னைக் கேட்டால், அந்த அசைவை நிறுத்துவதுதான் என்பேன்.

கே.பி. சுந்தராம்பாள் வேடத்தைக் கவசமாக அணிந்து, அதனுள்ளிருந்து தம் குரலைக் குறைவின்றிக் காத்து நமக்குத் தந்துவிட்டுப் போனார். இனி வரும் பெண்களுக்கு அந்தக் கவசம் தேவைப்படாதிருக்க வேண்டும். அவருக்கு நாம் செய்யக்கூடிய சிறப்பு அதுவே.